தெருவும் ஓர் அமானிதமே!



லாரி, வேன், லோடு ஆட்டோ ஓட்டி ஹலாலாகப் பொருளீட்டும் சகோதரர்கள் நம் மஹல்லாக்களில் பலர் உள்ளனர். உழைத்து உண்பது வணக்கமே, அதில் ஐயமில்லை. ஆனால், பகலெல்லாம் ஓடிய வண்டியை இரவில் குறுகலான தெருவில், அண்டை வீட்டு வாசலை மறித்து நிறுத்திவிட்டு உறங்கப் போகிறோமே, அது எந்தக் கணக்கில் சேரும்?

“வண்டி நிறுத்துவதற்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம்?” எனச் சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். முள்ளை அகற்றுவது ஈமானின் கிளை என்றால், லாரியைக் கொண்டுவந்து குறுக்கே வைப்பதை என்னவென்பது? பாதையின் அகலத்தில் பிணக்கு எழுந்தால் ஏழு முழம் விடவேண்டும் என்றும் அவர்கள் தீர்ப்பளித்தார்கள். ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடத்தை நெருக்கிப் பாதையை மறித்தபோது, அவ்வாறு செய்பவருக்கு ஜிஹாதே இல்லை என்று அறிவிக்கச் செய்ததாக அபூதாவூதில் காண்கிறோம். ஜிஹாதின் நன்மையையே போக்கிவிடும் செயல், நம் சம்பாத்தியத்தின் பரக்கத்தை விட்டுவைக்குமா?

ஹிஜ்ரி 505 இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் தெருக்களில் நிகழும் தீமைகளை எடுத்துரைக்கிறார்கள். வாகனப் பிராணிகளைக் கட்டி வழியை நெருக்குவதும், சுமைகளைப் பாதையில் போட்டுவைப்பதும் அவற்றுள் அடங்கும். ஏறி இறங்கவும், சுமையை வீட்டுக்குள் சேர்க்கவும் ஆகும் நேரத்துக்கு மட்டுமே அனுமதி. அன்று பிராணி, இன்று லாரி. சட்டம் ஒன்றே. சரக்கை ஏற்றி இறக்க நிற்பது தேவை. விடிய விடிய நிற்பது பிறர் உரிமையைப் பறிப்பது.

நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ தடையோ வீண் சிரமமோ உண்டாகும்படி வண்டியை விட்டுச் செல்லக்கூடாது என்பது 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 122 ஆம் பிரிவு. 2019 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 177 ஆம் பிரிவில் அபராதம் முதல் தடவை 500 ரூபாய் வரை. மறுதடவை 1,500 ரூபாய் வரை. அபராதத்தைக் கட்டித் தீர்த்துவிடலாம். நள்ளிரவில் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் தெருமுனையிலேயே நின்றுவிட்டால், அந்தக் கடனை எங்கே கட்டுவது? மனிதருக்கு நாம் இழைத்த தீங்கை அந்த மனிதரே மன்னிக்க வேண்டுமல்லவா?

வண்டிக்காரரை ஏசுவதால் பயனில்லை. அவருக்கும் பிழைப்பு உண்டு. ஊருக்கு வெளியே காலி மனை வைத்திருப்போர் இரவு நிறுத்த இடம் தரலாம். ஜமாஅத்தார் பேசி ஏற்பாடு செய்யலாம். வண்டிக்காரரும் சற்றுத் தூரம் நடந்து வீடு வரச் சம்மதிக்கவேண்டும். அல்லாஹ்வுக்காக நடக்கும் அந்த நடைக்கும் கூலி உண்டு.

அண்டை வீட்டார் நம்மால் அச்சமின்றி வாழும் நற்பேற்றை அல்லாஹுத் தஆலா நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.