யார் சாட்சி?

தாராவியில் ஒருவனுக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் இன்னொருவர் வாய்ச்சொல்லால்தான். "நம்ம பய, கை சுத்தம், பேக்கிங்ல நல்லா நிப்பான்" என்று தெருவில் ஒரு அண்ணாச்சி சொல்லிவிட்டால் சேட் மறுபேச்சு பேசமாட்டார். தோல் வெட்டப் போனவர்களும் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்களும் இப்படித்தான் போனார்கள். நான் பிவண்டி குடோனுக்குப் போனதும் அப்படித்தான். இப்போது, தலை நரைக்கிற வயதில், அதே குடோன் வேலைக்குச் சான்றிதழ்ப் படிப்பு படிக்கிறேன். தெரிந்த வேலையை எதற்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

மும்பைக்குள் சரக்கு நுழைய ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி கட்ட வேண்டியிருந்த காலத்தில், முலுண்ட் நாக்காவுக்கு வெளியே கிடந்த பிவண்டியில் குடோன்கள் பெருகின. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது, ஆக்ட்ராய் போனது. குடோன்கள் போகவில்லை, பெரிதாயின. வரிக்காக மாநிலத்துக்கு ஒன்று என்று வைத்திருந்த சின்னக் கிடங்குகளை மூடிவிட்டு, கம்பெனிகள் சில இடங்களில் மட்டும் பெரிதாகக் கட்டின. அவ்வளவு பெரிய கட்டடத்தை ஒரு மனிதரின் ஞாபகத்தை நம்பி நடத்த முடியாது.

சின்ன குடோன் அப்படித்தான் நடந்தது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் தூத்துக்குடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். சலானைக் கையில் வாங்கியதும், தலை நிமிராமல், "மூணாவது வரிசை, சோப்புப் பெட்டிக்குப் பின்னால" என்பார். போனால் மால் இருக்கும். அவர் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் பாதி லோடு நின்றுவிடும். அதனால் அவருக்கு மதிப்பு இருந்தது. அதனாலேயே அவருக்கு லீவும் கிடைக்கவில்லை.

இன்று ராக்கின் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி. பி-07-3-02 என்றால் பி வழி, ஏழாவது ராக், மூன்றாவது தட்டு, இரண்டாவது இடம். நேற்றுச் சேர்ந்த பையன் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நேரே போய் எடுத்துவருகிறான். பெரியவர் தலையில் இருந்ததெல்லாம் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. சம்பளம் பேசும்போது அவருக்கு இருந்த பிடி இந்தப் பையனுக்கு இல்லை. இவன் போனால் நாளைக்கே இன்னொருவன். படிக்கப் படிக்க இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆனால் பெரியவருக்குத் தெரிந்தது அந்த ஒரு குடோன். அதை மூடியபோது வேறு இடத்தில் லோடிங் ஆளாகத்தான் சேர முடிந்தது. அத்தனை வருஷ அனுபவத்துக்குச் சாட்சி சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை.

கைக்குத் தெரிந்த வேலைக்குப் படிப்பு காரணத்தையும் தருகிறது. ஃபோர்க்லிஃப்டின் தகட்டில் எழுதியிருக்கும் எடை, பளுவின் மையம் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்தால்தான் செல்லும். பளு வெளியே தள்ளிப்போகப் போகத் தூக்கும் திறன் குறையும். இரண்டு டன் வண்டி இரண்டு டன்னைத் தூக்கக்கூடாத நேரம் உண்டு. "வண்டி பின்னால தூக்குது அண்ணே" என்று டிரைவர்கள் இதை உடம்பாலேயே அறிவார்கள். அப்படிச் சொல்கிறவனைச் சூப்பர்வைசர் அதட்டிவிடலாம். தகட்டைக் காட்டி, தூரத்தை அளந்து, "முடியாது சார்" என்கிறவனை அதட்டுவது கஷ்டம். அந்த ஒரு பாடத்துக்காகவே இந்தப் படிப்பை மதிக்கிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்கு வழியும் இருக்கிறது. 2013-இல் வந்த தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் குடோன் வேலைகளும் படிநிலை பெற்றிருக்கின்றன. இந்தத் துறையின் திறன் கவுன்சில் சென்னையில்தான் இருக்கிறது. வேலையில் கற்றதை மதிப்பிட்டு அதற்கே சான்றிதழ் தரும் முறையும் உண்டு.

தாள் மட்டும் யாரையும் காப்பாற்றாது என்பதும் தெரியும். மகாராஷ்டிராவில் சுமை தூக்குகிறவர்களுக்கு 1969-இல் மாத்தாடிச் சட்டம் வந்தது. வாரியத்தில் பெயர் பதிந்தது, கூலிக்குக் கணக்கு வந்தது. தொழிற்சங்கத் தலைவர் அண்ணாசாகேப் பாட்டீலோடு அவர்கள் ஒன்றாக நின்றதால் வந்த சட்டம் அது. குடோன் படிப்பில் இதற்கும் ஒரு பாடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தாராவியை இடித்துக் கட்டப் போகிறார்கள். எந்தக் குடும்பம் எங்கே போகும் என்ற பேச்சுதான் 90 அடி சாலை முழுக்க. தெரு கலைந்தால் அந்த அண்ணாச்சியின் வாய்ச்சொல் எங்கே செல்லும்? அதனால்தான் அடுத்த பேட்ச்சில் சேர விசாரித்து வருகிற பையன்களிடம் முதலில், எங்கெங்கே எத்தனை மாதம் வேலை பார்த்தாய், ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று கேட்கிறேன். பலரிடம் இல்லை; சம்பளம் கையில் காசாக வந்திருக்கிறது. இந்த மாதத்திலிருந்தாவது சேட்டிடம் கேட்டு எழுதி வாங்கு, கேட்கக் கூச்சமாக இருந்தால் நானும் கூட வருகிறேன் என்று சொல்லி அனுப்புகிறேன்.