சூளபந்தகரின் வெண்துணி



இராசகிருக நகரில் மகாபந்தகர், சூளபந்தகர் என்னும் உடன்பிறந்தார் இருவர் சங்கத்திற் சேர்ந்திருந்தனர். மூத்தவர் கல்வியிற் சிறந்தவர். இளையவருக்கோ நான்கடிப் பாட்டொன்றும் மனத்தில் நிற்கவில்லை. நான்கு மாதம் முயன்றார். அடுத்த அடியைப் படிக்கையில் முந்தைய அடி மறைந்தது. அவருக்குச் சங்கத்தில் இடமில்லை என்று தமையனாரே முடிவு செய்தார். மருத்துவர் சீவகர் பகவனையும் பிக்குகளையும் விருந்துக்கு அழைத்தபோது, தம்பியை ஒதுக்கிவிட்டு மற்றவர்களையே கணக்கிற் சேர்த்தார். மறுநாள் வைகறையில் விகாரையை விட்டு மனமுடைந்து புறப்பட்டவரை வாயிலில் எதிர்கொண்டவர் யார்? நம் ததாகதரே.

அண்ணல் அவரை மேலும் முயலும்படி ஏவவில்லை; எளிய பாட்டொன்றைத் தேடிக் கொடுக்கவுமில்லை. தூய வெண்துணியொன்றைக் கையில் தந்து, அழுக்ககற்றுதல் என்னும் பொருளுடைய ஒரே சொல்லைக் கூறிக்கொண்டு அதைத் தேய்த்திருக்கச் செய்தார். துணி மெல்ல மாசுற்றது. அதைக் கண்டு நிலையாமையை உணர்ந்த சூளபந்தகர் அன்றே அருகத்தானார். சீவகர் மனையில் பகவன் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டு, விகாரையில் எஞ்சியிருந்த அவரையும் அழைப்பித்தார் என்று நம் நூல்கள் கூறும்.

இவ்வரலாற்றைப் பன்முறை மேடையிற் கூறியவன் நான். கூறிய அதே வாயினால் ஒரு பெரும் பிழையும் செய்தேன். அதை மறைக்காது உங்கள்முன் வைக்கவே இன்று பேசுகின்றேன்.

மூன்றாண்டுகளுக்குமுன் வைசாகப் பௌர்ணமியன்று நம் விகாரையில் கூட்டம் நிறைந்திருந்தது. ஒலிபெருக்கி முழங்கிற்று, மணி ஒலித்தது, ஊதுவத்திப் புகை மண்டிற்று. ஒன்பது வயதுச் சிறுவனொருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். தலையைத் தூணில் மோதினான். நான் மேடையிலிருந்தவாறே, ‘அம்மா, பிள்ளையை அடக்கி வளர்க்க வேண்டும், வெளியே அழைத்துச் செல்லுங்கள்’ என்றேன். அத்தாய் ஒரு சொல்லும் பேசாது மகனை அணைத்துக்கொண்டு வெளியேறினார். பின்னர்ப் பல மாதங்கள் அவர் வரவேயில்லை. தம்பியை விரட்டிய தமையனாரின் செயலை இகழ்ந்து பேசிய நான், அதே செயலைச் செய்துவிட்டேன் அன்றோ!

அச்சிறுவனுக்கு இருந்தது ஆட்டிசம் என்பதைப் பின்னரே அறிந்தேன். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாதவனாயினும், தேடிப் படித்தேன். சோவியத் மருத்துவர் குருன்யா சுகரேவா 1925-இலும், அமெரிக்காவில் லியோ கானர் 1943-இலும் இத்தகைய குழந்தைகளைக் கூர்ந்து நோக்கி எழுதினர். கானர் கண்டவர் 11 குழந்தைகள். இதனைத் தமிழில் ‘மன இறுக்கம்’ என்று பலர் சொல்கின்றனர். அச்சொல் கேட்போரை வழிதவறச் செய்வது. பிள்ளை மனத்தை இறுக்கி மூடிக்கொண்டிருக்கவில்லை. அவனுடைய வாயில்கள் நம்முடையவற்றைவிட அகலத் திறந்திருக்கக் கூடும்.

கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் என்னும் ஆறு வாயில்களையும் பகவன் காட்டியருளினார். வாயிலால் தீண்டல் உண்டாம். தீண்டலால் நுகர்ச்சி உண்டாம். ஒரே மணியோசை எல்லாச் செவிகளிலும் ஒரே நுகர்ச்சியை உண்டாக்கும் என்று அவர் எங்கே கூறினார்? ஆட்டிசம் உடையோரிற் பலருக்கு ஓசையும் ஒளியும் மணமும் ஆடையின் உராய்வும் தாங்கவொண்ணாத் துன்பமாகின்றன. வேறு சிலருக்குக் குளிரும் வலியுங்கூட மந்தமாகவே தெரியும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தார் 2013-இல் வெளியிட்ட நூலில் இப்புலனுணர்வு வேறுபாட்டையும் ஆட்டிசத்தின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தனர். எனவே, அச்சிறுவனின் அலறலைப் பிடிவாதம் என்று நான் எண்ணியது அறியாமை. அது வலியின் குரல்.

நான் 24 ஆண்டுகள் நூலாலையில் ரிங் பிரேம் பகுதியில் உழைத்தவன். 20-ஆம் நம்பர் நூலுக்குரிய கனமான டிராவலரை 80-ஆம் நம்பர் நூல் ஓடும் வளையத்தில் இட்டால், இழை ஓயாது அறும். புதிய தொழிலாளி நூலை வைவான். அனுபவம் மிக்க மேஸ்திரி வந்து, இலேசான டிராவலரை மாட்டச் சொல்வார், நூல் ஓடும். இரு நூல்களில் எது உயர்ந்தது? கேள்வியே தவறு. ஒன்றிற்குப் போர்வையாகும் தகுதி. மற்றொன்றிற்கு மெல்லிய வேட்டியாகும் தகுதி. மனித மூளைகளும் இவ்வாறே பலவகைப்பட்டன என்னும் கருத்தை 1990-களில் ஆட்டிசம் உடையோர் தாமே முன்வந்து எடுத்துரைத்தனர். ஆஸ்திரேலியாவின் ஜூடி சிங்கர் 1998-இல் தம் ஆய்வில் அதனை ‘நரம்பியல் பன்மை’ என்னும் பொருள்படும் சொல்லால் குறித்தார். பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்ற அறத்தை ஏற்ற நாம், மூளையின் அமைப்பினால் மட்டும் உயர்வு தாழ்வு கற்பித்தல் தகுமோ?

இனி, பெற்றோரைச் சுடும் இரண்டு பழிகளைச் சொல்வேன். முதலாவது, தாயின் அன்புக் குறைவே காரணம் என்பது. புருனோ பெட்டல்ஹைம் 1967-இல் வெளியிட்ட நூலால் இப்பழி பெரிதும் பரவிற்று. ஆட்டிசம் உடைய மகனின் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்டு 1964-இலேயே அதனை மறுத்து எழுதியிருந்தார். இன்று அக்கொள்கை அடியோடு கைவிடப்பட்டது. இரண்டாவது, முற்பிறவி வினை என்பது. நம்மவரிலும் சிலர் இதனைக் கூசாமற் சொல்கின்றனர். மோளியசீவகர் என்னும் பரிவிராசகர் வந்து வினவியபோது பகவன் என்ன விடை கூறினார்? பித்தம், சிலேத்துமம், வாதம், பருவமாற்றம் முதலியவற்றாலும் நுகர்ச்சிகள் தோன்றும். எல்லாம் பழவினையே என்போர் கண்கூடான உண்மையைக் கடந்து பேசுகின்றனர் என்றார். நொந்த தாயின் முகத்துக்கு நேரே வினைப்பயன் பேசுகின்றவர் தம்மத்தைப் பேசவில்லை என்று அறிக.

நான் அத்தாயின் இல்லம் தேடிச் சென்றேன். ‘தாயே, பிழை என்னுடையது’ என்றேன். அவர் தையல் வேலை செய்பவர். நீண்ட நேரம் மௌனமாயிருந்து, ‘ஐயா, வெளியே போகச் சொல்லாத இடம் அது ஒன்றுதான் என்று நம்பி வந்தோம்’ என்றார். அச்சொல் இன்றும் என் நெஞ்சை விட்டகலவில்லை. மூலையில் அச்சிறுவன் தாய் வெட்டியெறிந்த துணித்துண்டுகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தான். வெளிர்நீலம், நீலம், கருநீலம் என நிறம் படிப்படியாக ஆழ்ந்து சென்றது. நூலோடு வாழ்நாளைக் கழித்த என் கண்ணுக்கே எளிதிற் புலப்படாத வேற்றுமைகளை அவன் விரல்கள் பிரித்தறிந்தன. அவன் முகத்தில் அமைதி நிலவிற்று. சூளபந்தகரின் வெண்துணியை அங்கே கண்டேன். சூளபந்தகருக்கும் ஆட்டிசம் இருந்தது என்று சொல்ல வரவில்லை. சொல்லால் திறவாத கதவு கைத்தொழிலால் திறக்கலாம் என்பதே நான் கண்டது.

இலண்டனில் 1974-இல் பிறந்த ஸ்டீவன் வில்ட்ஷர் சிறுவயதில் பேசாதிருந்தவர். ஓவியமே அவருக்கு மொழியாயிற்று. 2005-இல் டோக்கியோ நகரை ஹெலிகாப்டரிலிருந்து சிறிது நேரம் நோக்கி, நினைவினாலேயே 10 மீட்டர் நீளத்தில் வரைந்தார். எனினும் எல்லாப் பிள்ளைகளிடமும் இத்தகைய அற்புதத்தை எதிர்பார்ப்பது மற்றொரு கொடுமை. திறமை இருந்தால்தான் மதிப்போம் என்பது கருணையன்று, வாணிகம். வரைதலும் நெய்தலும் மண்பிசைதலும் அப்பிள்ளைக்கு அமைதியும் மகிழ்ச்சியும் தருமாயின், அதுவே போதிய பயன். வாழ்நாள் முழுதும் பிறர் துணை வேண்டுவோரும் இவருள் உளர்; அவர்க்கும் நம் வணக்கம் உரியது.

ஆதலின் செய்யவேண்டியன யாவை? பேச்சுப் பயிற்சியும் தொழில்வழிச் சிகிச்சையும் காலத்தே பெறச் செய்யுங்கள். அடியோடு குணமாக்குவதாகப் பணம் பறிப்போரை நம்பாதீர்கள். தடுப்பூசியால் வருவது என்னும் வதந்தியை நம்பாதீர்கள். அவ்வதந்திக்கு வித்திட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரை 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன்னுள் கொண்டது. அதன்படி சான்றிதழ் பெறுதல் பிச்சையன்று, உரிமை.

நம் விகாரையில் இப்பொழுது பௌர்ணமிதோறும் முதல் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கி இல்லை. ஊதுவத்தி வெளியே ஏற்றப்படுகின்றது. மணியின் நாவிற் துணி சுற்றியிருக்கின்றோம். அச்சிறுவன் கூட்டம் சேருமுன் வந்து மலர்களை நிறவரிசைப்படி பீடத்தில் அடுக்குகின்றான். சில நாள் அரை மணி இருப்பான். சில நாள் வாயிலோடு திரும்பிவிடுவான். எவரும் ஏன் என்று வினவுவதில்லை. போன மாதம் அவன் தாய், ஒன்பதாண்டுகளில் முதன்முறையாகக் கண்மூடித் தியானத்தில் அமர்ந்ததாகக் கூறினார்.

அன்பர்களே! ததாகதர் கிண்ணத்தை மூடிக்கொண்டு இன்றும் நம்மை வினவுகின்றார் என்று எண்ணுங்கள். உங்கள் தெருவில், உங்கள் சுற்றத்தில், அழைக்கப்படாது எஞ்சியிருப்பவர் யார்? அவரை அழைத்து வந்த பின்னரே நமக்கு விருந்து.

எல்லா உயிர்களும் அச்சமின்றி வாழ்வனவாக!

சாது! சாது! சாது!