பிள்ளையின் கையில் எதைக் கொடுக்கிறோம்

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது, யாரும் எழுதி வைக்காமலேயே நாம் காத்துவரும் ஒழுங்கு. போகிற வழியில் பெட்டிக்கடையில் நின்று ஒரு பிஸ்கட் பாக்கெட்டோ சாக்லேட்டோ வாங்கிக்கொள்கிறோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அதைப் பிள்ளையின் கையில் திணித்துவிடுகிறோம். அந்தப் பிள்ளைக்கு வயது ஒன்றா மூன்றா, கடைவாய்ப்பல் முளைத்துவிட்டதா, காலையிலிருந்து ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்டுவிட்டுக் கொடுப்பவர்கள் குறைவு. அன்பு காட்டும் நேரத்தில் விசாரணை எதற்கு என்று நினைக்கிறோம். அதனால் கொடுக்கலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் பாரம் முழுவதும் தாயின் தலையில் இறங்குகிறது. அதுவும் பாக்கெட்டைப் பிரித்து, பிள்ளை அதை வாயருகே கொண்டுபோன பிறகு. பிடுங்கினால் பிள்ளை அழும், வந்தவர் முகம் வாடும், வீட்டுப் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள். இத்தனைக்கும் நடுவில் அவள் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பிள்ளைகளின் தின்பண்டம் குறித்து நமக்கு அச்சமே இல்லை என்று சொல்ல முடியாது. 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் இருப்பது ஆய்வில் தெரிந்ததும், முதலில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் அதன் விற்பனையைத் தடைசெய்தன. துணிக்கும் காகிதத்துக்கும் நிறமேற்றும் பொருள் குழந்தையின் வயிற்றுக்குள் போகக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது, தடை நியாயமானது. ஆனால், தெருவில் மூங்கில் கழியில் இளஞ்சிவப்புப் பொட்டலங்களைக் கட்டிச் சுமந்து வருகிறவரிடம் ஆபத்தைக் காண எளிதாகப் பழகிக்கொள்கிற நமக்கு, எவர்சில்வர் தட்டில் மிக்சர் வைத்து உபசரிக்கும் சொந்தக்காரர் வீட்டில் அதைக் காண்பது கடினமாக இருக்கிறது. அந்நியர் விற்பதைச் சந்தேகிக்கிறோம். நம்மவர் கொடுப்பதைச் சந்தேகிக்க மனம் கூசுகிறது. பிள்ளையின் தொண்டைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தை முன்பற்களால் எதையும் கடித்துவிடும். அதை அரைக்க வேண்டிய முதல் கடைவாய்ப்பற்கள் ஏறத்தாழ 13 முதல் 19 மாதத்துக்குள்தான் முளைக்கின்றன. இரண்டாவது வரிசை வர இரண்டு வயது ஆகிவிடும், சில பிள்ளைகளுக்கு இரண்டே முக்கால்கூட ஆகும். கடிக்கத் தெரிந்தும் மெல்ல முடியாத இந்த இடைக்காலத்தில், கடித்த துண்டு அப்படியே தொண்டைக்குப் போகிறது. அழுதுகொண்டோ சிரித்துக்கொண்டோ ஓடிக்கொண்டோ தின்னும்போது, மூச்சை உள்ளிழுக்கும் வேகத்தில் அது குரல்வளையைத் தாண்டி இறங்கிவிடலாம். சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் அடிக்கடி எடுக்கும் பொருள்களில் வேர்க்கடலைக்கு முதன்மையான இடம் உண்டு. உள்ளே போன பருப்பு ஈரத்தில் ஊறிப் பருக்கும். அதன் எண்ணெய் சுற்றிலும் அழற்சியை உண்டாக்கும். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, கமர்கட்டு, பாப்கார்ன், வழுக்கிக்கொண்டு இறங்கும் ஜெல்லி ஆகியவற்றை அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் நான்கு வயதுக்குள் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள்; முழுக் கொட்டைகளுக்குப் பிரிட்டனில் ஐந்து வயது என்கிறார்கள். இந்தப் பட்டியலில் நாம் கொட்டையோடு கொடுக்கும் நாவற்பழத்தையும் இலந்தையையும் சீத்தாப்பழத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் உணவின் மேல் குற்றமில்லை என்பதுதான் யோசிக்க வேண்டியது. லண்டனில் நடத்தப்பட்டு 2015-இல் வெளியான லீப் ஆய்வு, ஒவ்வாமை வர அதிக வாய்ப்புள்ள குழந்தைகளுக்கு முதல் வயதுக்குள்ளேயே தகுந்த வடிவில் நிலக்கடலையைக் கொடுத்துவந்தால் நிலக்கடலை ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று காட்டியது. அதே கடலை, பொடியாகவோ கூழில் கலந்தோ இருந்தால் பாதுகாப்பு. முழுதாக இருந்தால் ஆபத்து. கோவில்பட்டிக் கடலை மிட்டாய் ஆறு வயதுப் பிள்ளைக்கு நல்ல தின்பண்டம். ஒன்றரை வயதுப் பிள்ளையின் வாயில் அது உடைந்து, பல முழுப் பருப்புகளாகப் பிரிகிறது. திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்கினால் ஆயிற்று. பண்டத்தின் பெயரைப் பார்த்து நல்லது கெட்டது என்று பிரித்துவிடுகிறோம்; வயதையும் வடிவத்தையும், பிள்ளை ஓரிடத்தில் உட்கார்ந்து நம் கண் முன்னே தின்கிறதா என்பதையும் பார்க்கும் பொறுமை நமக்குப் பழக்கமாகவில்லை.

பிள்ளைக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்கிறோம். அதில் பரிவு இருக்கிறது. அடைப்பு அதனால் விலகாது. பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிட வேண்டும். சத்தமே வராமல் முகம் நீலம் பாரித்தால், உடனே உதவிக்கு ஆள் அழைக்க வேண்டும்; ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டி, பிறகு திருப்பி நெஞ்சின் நடுவே ஐந்து முறை அழுத்த வேண்டும். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும். காதுகுத்துக்கு ஐந்நூறு பேருக்குப் பந்தி போடத் தெரிந்த குடும்பங்களில் இந்தச் சிறிய வித்தை தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதிகமில்லை.

இனிப்பின் கதை வேறு. அதன் தீங்கு ஒரு கணத்தில் நிகழ்வதில்லை என்பதால் அதைத் தீங்காகவே நாம் எண்ணுவதில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்து மூத்தவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனையிலிருந்தே அது தொடங்குகிறது. அவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையில் இருக்கும் மரியாதை புரிகிறது. ஆனால் தேனில் இருக்கக்கூடிய கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கவைக்கும் நஞ்சைச் சுரக்கலாம். அரிதாகவே நேர்ந்தாலும் அது உயிருக்கு ஆபத்து. ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டியோ நாட்டுச் சர்க்கரையோ போட்டால் மனம் ஆறுகிறது. பிள்ளையின் பல்லுக்கும் பழகிக்கொண்டிருக்கும் நாக்குக்கும் அவையும் சர்க்கரைதான்.

வீட்டுக்கு வெளியேயும் யாரும் பொறுப்பை முழுதாக ஏற்பதில்லை. நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்கும் செரலாக்கில் ஒரு வேளைப் பங்குக்குச் சராசரியாக 2.7 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை இருப்பதாகவும், சுவிட்சர்லாந்தில் அது விற்கும் குழந்தை உணவுகளில் அப்படிச் சேர்ப்பதில்லை என்றும் பப்ளிக் ஐ என்ற சுவிஸ் அமைப்பு 2024 ஏப்ரலில் வெளியிட்டது. இந்திய விதிகளுக்கு உட்பட்டே செய்கிறோம், சர்க்கரையைக் குறைத்தும் வருகிறோம் என்றது நிறுவனம். விதி அனுமதிக்கிறது என்பது சரியான பதிலாக இருக்கலாம். ஒரு நாட்டுக் குழந்தைக்கு வேண்டாம் என்று தவிர்த்ததை இன்னொரு நாட்டுக் குழந்தைக்கு ஏன் சேர்த்தோம் என்ற கேள்விக்கு அது பதிலாகாது. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கான உணவை விளம்பரப்படுத்தவே கூடாது என்று 1992-ஆம் ஆண்டின் சட்டத்தையும் 2003-இல் அதற்கு வந்த திருத்தத்தையும் கொண்ட நாடு இது. டப்பாவுக்குள் என்ன இருக்கலாம் என்பதிலும் அதே அக்கறையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாங்கள் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தோம் என்று பெரியவர்கள் சொல்லும்போது அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடக் கூடாது. வறுமையிலும் பிள்ளைகளைக் காப்பாற்றிய அனுபவம் அதில் பேசுகிறது. ஆனால் 1971-இல் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணவில்லை. 2020-இல் அந்த எண் 28. வளர்ந்தவர்கள் சாட்சி சொல்லலாம். வளராமல் போனவர்களின் சாட்சியம் நமக்குக் கிடைப்பதில்லை. எத்தனையோ காரணங்கள் சேர்ந்து அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தன. பழக்கம் என்று ஏற்றுக்கொண்டிருந்த பலவற்றை மாற்றிக்கொள்ள முந்தைய தலைமுறைத் தாய்மார்கள் சம்மதித்ததும் அவற்றில் ஒன்று.

இவ்வளவு பேசும்போதும் ஒரு முரண் உறுத்திக்கொண்டே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்டவர்களில் போதுமான அளவிலும் வகையிலும் உணவு பெறுபவர்கள் ஏறத்தாழ 11 சதவீதம்தான். முட்டையும் கீரையும் பருப்பும் போதிய அளவு போய்ச்சேராத வீடுகளுக்கும் ஐந்து ரூபாய் பாக்கெட் போய்ச்சேர்கிறது. கடை வாசலில் சரமாகத் தொங்கி, பிள்ளையின் கண் உயரத்துக்கே இறங்கி வருகிறது. கூலி வேலைக்குப் போகும் தாய் அழுகிற பிள்ளைக்கு அதை வாங்கிக் கொடுத்தால் அவளைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. அவளிடம் இருக்கும் நேரத்துக்கும் காசுக்கும் எட்டுவது அதுதான் என்று ஆக்கிவைத்தது அவளல்ல.

பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-இல் ஒழுங்குமுறை வந்தது. வீட்டு வாசலுக்கு அப்படியொரு எல்லையை எந்த அதிகாரியும் வந்து கிழிக்க முடியாது. அங்கே கோடு போட வேண்டியது தாய் மட்டுமல்ல, பிள்ளையை நோக்கிக் கை நீட்டும் ஒவ்வொருவரும்தான். வாழைப்பழம் வாங்கிப் போகலாம். எதுவானாலும் பிள்ளையின் கையில் வைக்காமல் அம்மாவின் கையில் கொடுத்து, இதைக் கொடுக்கலாமா என்று கேட்கலாம். அவள் வேண்டாம் என்றால் அதை நம்மை மறுத்ததாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கலாம். மூன்று வயதுவரை ஒரு பிள்ளைக்குத் தன்னைக் காத்துக்கொள்ளும் அறிவு கிடையாது. அதுவரை அந்த அறிவு சுற்றியிருக்கும் பெரியவர்கள் எல்லோரிடமும் பரவியிருக்க வேண்டும். அதைத் தாய் ஒருத்தியின் பயமாக விட்டுவைக்கும் வரை, நம் அன்பு பிள்ளையைச் சென்று சேர்ந்ததாக நாம் சொல்லிக்கொள்ள முடியாது.