வம்பு என்று யார் சொல்வது?

‘காசிப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இன்று வம்பு, கிசுகிசு என்று பொருள் கொள்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அது ‘காட்சிப்’. கடவுளையும் உறவையும் குறிக்கும் இரண்டு சொற்கள் சேர்ந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரை அப்படி அழைத்தார்கள். பின்னர் நெருங்கிய தோழியும் ‘காசிப்’ ஆனாள். பிரசவ அறையில் துணையிருக்க அழைக்கப்பட்ட பெண்களுக்கும் அதுவே பெயர். அந்த அறைக்குள் ஆண்கள் வருவதில்லை. எந்த மருத்துவச்சியின் கை நல்லது, எவன் பெண்டாட்டியை அடிக்கிறான் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்பட்டிருக்கும்.

16ஆம் நூற்றாண்டு வாக்கில் அச்சொல் வாயாடியைச் சுட்டத் தொடங்கியது; 19ஆம் நூற்றாண்டில் வெட்டிப் பேச்சுக்கே பெயரானது. இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ‘அடங்காத’ பெண்களின் தலையில் இரும்புக் கடிவாளம் மாட்டி, நாக்கைத் தகட்டால் அழுத்தி, தெருவில் நடத்தினார்கள். சொல் இழிந்ததும் பெண்களின் நட்பு இழிக்கப்பட்டதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்கிறார் சில்வியா ஃபெடரிச்சி. எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பெண்களின் பேச்சு எல்லாமே தோழமை என்று சொல்லிவிட முடியுமா?

சங்க அகப்பாடல்களைப் படித்தவர்களால் முடியாது. வாய்க்குள் முணுமுணுத்தால் அம்பல், ஊரறியப் பரவினால் அலர். அதைத் தூற்றுபவர்கள் பெரும்பாலும் ஊர்ப்பெண்டிர். அதனால் வீட்டுக்குள் அடைபடுபவள் தலைவி. குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் தலைவன் அலரை வரவேற்கவே செய்கிறான். அவனுக்கென்ன, காவல் அவனுக்கு இல்லையே!

இன்றைய விடுதி வராந்தாவிலும் இரண்டும் உண்டு. ‘அவருடைய அறைக்குத் தனியாகப் போகாதே’ என்று மூத்த ஆய்வு மாணவி இளையவளிடம் சொல்கிறாள். ‘அவருடன் சுற்றுகிறாள், அதுதான் ஆய்வேடு சீக்கிரம் முடிந்தது’ என்பதையும் அதே வாய் சொல்லக்கூடும். இரண்டும் முதுகுக்குப் பின்னால் பேசப்படுபவை. இரண்டுக்கும் சான்று இல்லை.

முகத்துக்கு நேரே சொல்ல முடியாததைப் பின்னால் சொல்லாதே என்பது நம் பழைய அறம். சமமானவர்களுக்கு அது பொருந்தும். ஆய்வேட்டில் கையெழுத்திட வேண்டியவரின் முகத்துக்கு நேரே ஒரு மாணவி எதைச் சொல்லிவிட முடியும்? 2013ஆம் ஆண்டுச் சட்டம் புகாரை எழுத்தில் கேட்கிறது, மூன்று மாதத்துக்குள் கேட்கிறது. கைகூடாதவர்களுக்கு மிஞ்சுவது எச்சரிக்கை மட்டுமே. 2017 அக்டோபரில் இந்தியப் பேராசிரியர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்று இணையத்தில் வெளியானபோது, விவரமில்லாமல் பெயர் சொல்வது முறையல்ல என்று பெண்ணியவாதிகள் சிலரே எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அறைக்குள் ஒருத்தியைக் காக்கச் சொல்வது வேறு, ஊருக்கு நடுவே தீர்ப்பாக வைப்பது வேறு. ஆனால் அந்த நியாயத்தைச் சொன்னவர்களில் பலர் ஏற்கெனவே பாதுகாப்பான நாற்காலிகளில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

ஆகவே, ஒரு பேச்சு யாருடைய கதவை அடைக்கிறது என்றே நான் பார்க்கிறேன். ஒருத்தி ஆபத்தான அறைக்குள் நுழையாமல் தடுத்தால் ஒரு கணக்கு. அவளை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினால் வேறு கணக்கு. சில நேரம் இரண்டையும் ஒரே பேச்சு செய்துவிடுகிறது, அப்போது இந்த அளவுகோலும் உதவாது.

அந்த முதல்வகைப் பேச்சுக்குத் தமிழில் என்ன பெயர் என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். வம்பு, புறணி என்ற எதையும் மாணவிகள் ஏற்கவில்லை. ‘அக்கா சொன்னாங்க’ என்றுதான் சொல்வோம் மேடம் என்றாள் ஒருத்தி.