கற்கும் கையும் நோயுற்றவனும்

ஒருவன் நூலைக் கற்பதனால் பிறர்க்கு நோவில்லை. கையைப் பழக்குவதற்கோ பிறர் உடல் வேண்டும். பற்சத்திரசிகிச்சைக் கல்வியின் அறச்சிக்கல் இங்குதான் தொடங்குகின்றது.

இலங்கையிற் பல் மருத்துவக் கல்வி 1943 இல் கொழும்பில் ஆரம்பமாகி, 1954 இல் பேராதனைக்கு மாறிற்று. வன்னியில் அத்தகைய பீடம் இல்லை. 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனித்து எழுந்த பின்னரும் இல்லை. ஆகவே கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பல் பிடுங்கும் கை, பெரும்பாலும் மலைநாட்டில் எவரோ ஒருவருடைய வாயிற் பழகிய கையாகும்.

அப்பழக்கம் எளிதன்று. கீழ்த்தாடை ஞானப்பல்லின் வேரை ஒட்டி உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு செல்கின்றது. உட்புறத்தே நாவுக்குரிய நரம்பு கிடக்கின்றது. கருவி சற்றுத் தவறினும் உதடோ நாவோ மரத்துவிடும். சிலருக்கு அவ்வுணர்ச்சி மீள்வதேயில்லை. பொம்மைத் தலையும் பன்றித் தாடையும் வெட்டவும் தைக்கவும் கற்பிக்கும். ஆயின் அவை அஞ்சுவதில்லை, குருதி பெருக்குவதுமில்லை. வெற்றிலை பாக்கு மென்று மென்று வாய் திறக்கவியலாத முதியவரின் கன்னம் எத்துணை இறுகியிருக்கும் என்பதைப் பொம்மை உணர்த்தாது. யாரோ ஒருவர் முதல்வராதல் வேண்டும்.

அவர் பெரும்பாலும் இலவச சிகிச்சையை நாடிவரும் எளியவர். இலவசம் பெறுபவர் மாணவர்க்குத் தம் வாயைத் தரக் கடமைப்பட்டவர் என்பாருமுளர். அவ்வாதம் பொருந்தாது. அரச வைத்தியம் மக்கள் வரிப்பணத்தால் நடப்பது. எவரும் இட்ட பிச்சையன்று.

எனினும் மாணவர் கை படலாகாது எனத் தடுத்தால் தீங்கு ஒழியாது, இடம் மாறும். ஆசிரியர் அருகிருந்து திருத்தியிருக்கக்கூடிய பிழை, முல்லைத்தீவில் திருத்துவார் இன்றி நிகழும். யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீற்றர். 2009 இல் போர் முடிந்தபின் வன்னியில் வைத்தியசாலைக் கட்டடங்கள் மீள எழுந்தன. பழகிய கை கட்டடத்தோடு எழுவதன்று.

ஆகவே பேராதனையில் வாய் திறப்பவர், தாம் என்றும் காணாத வன்னி நோயாளிக்கு ஓர் உதவி செய்கின்றார். கேளாமற் பெற்றால் அஃது உதவியன்று, பறிப்பு. திருக்குறள் மருத்துவத்தை நான்கு கூறாக்கும்போது நோயுற்றவனையே முதலில் வைக்கின்றது. கற்பவனுக்கு அந்நான்கினுள் இடமேயில்லை. அவன் இடம் கேட்டே நுழைதல் வேண்டும். தான் மாணவன் என்பதையும், யார் மேற்பார்வை செய்கின்றார் என்பதையும், தவறினால் நேரக்கூடியதையும் சொல்லுதல் வேண்டும். தோட்டத்துத் தமிழ்த் தாயிடம் தமிழிலும் சிங்கள முதியவரிடம் சிங்களத்திலும் சொல்லுதல் வேண்டும். அவர் மறுத்தால், மறுத்தமைக்காக வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படலாகாது.