ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா? வீட்டுக் குழாயும் அண்டை வீட்டார் உரிமையும்

ஜும்ஆ பயான்

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலில்லாஹ்.



இன்று தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று முத்தவல்லியிடம் சொன்னபோது, "அஜ்ரத்து, பிளம்பர் வேலைக்கும் போறீங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு வரும் விஷயம்தான். ஆனால் என் வீட்டுக் குழாய் ஒன்று என்னை மஹ்ஷரில் மாட்டிவிட இருந்தது. அதனால் அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் குடியிருப்பது என் அத்தா 1992ல் கட்டிய வீடு. அந்தக் காலத்து வழக்கப்படி ஜி.ஐ. குழாய்களைச் சுவருக்குள் புதைத்து மேலே பூசிவிட்டார்கள். நம் சேலம், நாமக்கல் பூமியின் போர்த் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து எத்தனை நூறு அடி போட்டாலும், பாறையில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் மேலே வருகிறது. சேலத்தை ஒட்டி வெள்ளைக்கல் வெட்டும் மலையே இருக்கிறதே! நம் வீட்டுப் பெண்கள் பக்கெட்டின் உள்பக்கம் படியும் வெள்ளை உப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கிறது என்கிறார்கள். அந்த உப்பு குழாய்க்குள்ளும் படிகிறது. அங்கே தேய்க்க யாருமில்லை. துத்தநாகப் பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கிறது, துருவின் மேல் உப்பு ஏறுகிறது. அரை இஞ்ச் குழாயை அறுத்துப் பார்த்தால், உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும்.

போன வருடம் எங்கள் குளியலறைச் சுவரில் ஈரம் கண்டது. நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பிளம்பர் தம்பி வந்து உடைத்து, கிளாம்ப் போட்டு, எம்-சீல் வைத்து அடைத்தார். 800 ரூபாய். இரண்டு மாதத்தில் ஒரு முழம் தள்ளி இன்னொரு ஒழுகல். மறுபடியும் அடைப்பு. அப்போதே அவர் சொன்னார்: "அஜ்ரத்து, லைன் செத்துப்போச்சுங்க. இங்க ஒட்டுனா அங்க வாய் தொறக்கும். மாத்திடுங்க." எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். 40,000 என்றார். இமாமின் சம்பளம் என்னவென்று உங்களுக்குத் தெரியாததல்ல. "இந்த மாசம் ஒட்டிவிடப்பா" என்றேன். மூன்றாவது முறையும் அப்படியே சொன்னேன். அந்த மூன்றாவது ஒட்டு நிற்கவில்லை. சுவரில் ஈரம் இருந்துகொண்டேதான் இருந்தது. நான் அதன் மேல் ஒரு காலண்டரை மாட்டினேன்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நெசவாளி அம்மா இருக்கிறார்கள். மாற்று மதத்தைச் சேர்ந்தவர்கள், கணவர் இல்லை. குழித்தறியில் பட்டு நெய்து பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள். குழித்தறி என்றால் பார்த்திருப்பீர்கள், தரையில் பள்ளம் எடுத்து, அதில் காலை இறக்கி உட்கார்ந்து மிதிக்கும் தறி. ஒருநாள் என் மகள் கறிவேப்பிலை வாங்க அங்கே போய்விட்டு வந்து, சாதாரணமாகச் சொன்னாள்: "அத்தா, அந்த அக்கா தெனமும் காலைல தறிக்குழியில இருந்து தண்ணி மொண்டு ஊத்துறாங்க."

எனக்கு உடம்பு சில்லிட்டது. உடனே போனேன். குழியின் ஓரத்தில், என் வீட்டுச் சுவர்ப் பக்கம், மண் கறுத்துக் கிடந்தது. "ஏம்மா, என் கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்றேன். "இல்லைங்க பாய், மழைத் தண்ணி ஊறுதுன்னு நெனச்சேன்" என்றார்கள். அது பங்குனி மாதம். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது.

எனக்குப் புரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிவாசல் அஜ்ரத்து, அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று அந்த அம்மா வாய் திறக்கவில்லை. மக்கள் எனக்குக் கொடுத்த மரியாதையே அவர்களின் உரிமைக்குத் தடையாக நின்றிருக்கிறது. அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் விடாமல் வலியுறுத்தியதில், அவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள் என்று எத்தனை மேடையில் நான் பேசியிருக்கிறேன்! அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்டு, இதே ஹதீஸைத்தான் காரணமாகச் சொன்னார்கள். அண்டை வீட்டார் என்ற உரிமைக்கு மார்க்கம் ஒரு நிபந்தனையல்ல. இதையெல்லாம் ஓதியவனின் சுவரிலிருந்துதான் அந்தத் தண்ணீர் போனது.

சகோதரர்களே, ஒட்டுவதா மாற்றுவதா என்ற கேள்வி சஹாபாக்கள் காலத்திலேயே, அதுவும் கஅபத்துல்லாஹ்வைப் பற்றியே எழுந்திருக்கிறது. ஹிஜ்ரி 64ல் ஷாம் நாட்டுப் படை மக்காவை முற்றுகையிட்டபோது கஅபா தீப்பிடித்துச் சேதமடைந்தது. அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் ஹஜ்ஜுக்கு வந்த மக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள்: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டட்டுமா, பலவீனமான இடத்தை மட்டும் சரிசெய்யட்டுமா? இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், பழுதானதை மட்டும் சரிசெய்யுங்கள், மக்கள் எந்தக் கற்களைப் பார்த்து இஸ்லாத்துக்கு வந்தார்களோ அந்தக் கற்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தைச் சொன்னார்கள். இப்னு ஸுபைர் (ரலி) அவர்களின் பதில் வேறு. உங்களில் ஒருவரின் வீடு எரிந்துபோனால் அதைப் புதுப்பிக்காமல் அவர் திருப்தியடைய மாட்டாரே, அப்படியிருக்க ரப்பின் வீட்டை எப்படி விடுவது என்பது அவர்களின் வாதம். பிறகு மூன்று முறை இஸ்திகாரா செய்து, இடித்துக் கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் சம்பவம் இது.

இரண்டு பேருமே சஹாபாக்கள். இரண்டு கருத்துக்கும் காரணம் இருக்கிறது. பழையதை வைத்துக்கொள்வது கஞ்சத்தனம் என்றோ, புதிதாகச் செய்வது பகட்டு என்றோ யாரும் யாரையும் ஏசவில்லை. அதே ஹதீஸில் இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். இடிக்கத் தொடங்கிய பிறகு, கட்டடம் எழும்பும்வரை மக்கள் கிப்லாவை அறிந்துகொள்ளத் தூண்களை நட்டுத் திரை போட்டார்கள். வேலை நடக்கும் நாட்களில் மற்றவருக்கு என்ன ஏற்பாடு என்று யோசித்திருக்கிறார்கள்! நாம் குழாயை உடைத்துவிட்டு, மாடியில் குடியிருப்பவருக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை என்பதை உடைத்த பிறகுதான் சொல்கிறோம்.

பின்னர் ஹஜ்ஜாஜ் காலத்தில் அந்தக் கட்டடம் திரும்பவும் மாற்றப்பட்டது. அதற்கும் பிறகு அப்பாஸிய கலீஃபா ஒருவர் மறுபடியும் இப்னு ஸுபைரின் அமைப்புக்கே கொண்டுவர விரும்பியபோது, இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தடுத்தார்கள். வருகிற மன்னர் ஒவ்வொருவரும் இடித்துக் கட்டினால் அந்த வீடு அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும், மக்கள் உள்ளத்தில் அதன் கம்பீரம் போய்விடும் என்று அஞ்சினார்கள். எப்போது மாற்ற வேண்டும் என்பதைப் போலவே, எப்போது கை வைக்கக் கூடாது என்பதும் இல்முதான்.

சரி, குழாய்க்கு வருவோம். பிளம்பர் தம்பியிடம் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். ஒரு ஜாயின்ட்டில் மட்டும் கசிவு, குழாயின் மற்ற பகுதி திடமாக இருக்கிறது என்றால் ஒட்டுங்கள், மாற்றுவது வீண். ஒரே லைனில் இடம் மாறி மாறி ஒழுகுகிறதா? ஃபஜ்ருக்கு முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறதா? சமையலறையில் குழாயைத் திறந்தால் குளியலறையில் நூலாகிவிடுகிறதா? அப்படியானால் உள்ளே வழியே இல்லை, ஒட்டுவதற்குக் கொடுக்கும் காசு தண்ணீரோடு போகும். மாற்றும்போது வெந்நீர் போகும் லைனுக்கு சி.பி.வி.சி. குழாய்தான் போட வேண்டும், மலிவு என்று சாதாரண பி.வி.சி.யைப் போட்டால் சூட்டில் வளைந்துவிடும். முடிந்தால் சுவருக்கு வெளியே தெரியும்படி போடச் சொல்லுங்கள். அழகு கொஞ்சம் குறையும், கசிந்தால் கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு சோதனை, செலவில்லாதது. இஷா தொழுதுவிட்டு வந்து, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தைச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். ஃபஜ்ருக்கு எழுந்ததும் போய்ப் பாருங்கள். யாரும் தொடாமல் மட்டம் இறங்கியிருந்தால், அது எங்கோ போகிறது. எங்கே போகிறது என்று தெரிவதற்கு முன் யார் வீட்டுக்குப் போகிறது என்று கேளுங்கள்.

நொடிக்கு ஒரு சொட்டு என்று ஒழுகும் குழாயிலிருந்து ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல் போய்விடுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் ஒளுச் செய்தார்கள். முத்து என்பது மத்ஹபுகளின் கணக்குப்படி ஏறத்தாழ முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர். அப்படியானால் நாம் கண்டுகொள்ளாத அந்தச் சொட்டில் நாலைந்து பேர் சுன்னத்தான முறையில் ஒளுச் செய்திருக்கலாம். மேட்டூர் அணை 1934ல் திறக்கப்பட்டது. நம் தாத்தாமார் காலத்தில் கிணற்றை நம்பியிருந்த வீடுகளில் இன்று காவிரி வருகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரையும் நாம் சுவருக்குள் விட்டுக்கொண்டிருக்கிறோம்.

துரு நிறத் தண்ணீரில் ஒளுக் கூடுமா என்று பெண்கள் கேட்டு அனுப்புகிறார்கள். குழாயின் துருவாலோ மண்ணாலோ நிறம் மாறிய தண்ணீர், தண்ணீராகவே இருக்கும்வரை ஒளுக் கூடும். குடிப்பது வேறு விஷயம், அதைத் தவிருங்கள். ஆனால் சாக்கடை வாடை வந்தால் அது நஜீஸ். ஓட்டையான குழாய் சாக்கடை ஓரமாகப் போனால், தண்ணீர் நின்ற நேரத்தில் வெளியே உள்ளதை உள்ளே இழுக்கும். அங்கே ஒட்டலாமா என்று யோசிக்கவே வேண்டாம், உடனே மாற்ற வேண்டும். பிளம்பர் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை: கையில் எம்-சீல் ஒட்டியிருந்தால் அதன் அடியில் தண்ணீர் படாது. தொழுகைக்கு முன் சுரண்டி எடுத்துவிடுங்கள், தோல் உரியும் அளவுக்கு வேண்டாம்.

என் வீடு என்னுடையது மட்டுமல்ல. அத்தாவின் சொத்து, நாங்கள் இரண்டு ஆண், ஒரு பெண், இன்னும் பிரிக்கவில்லை. கூட்டுச் சொத்தின் பராமரிப்புச் செலவு அவரவர் பங்கின் அளவுக்கு என்பது சட்டம். 40,000 என்றால் எங்கள் இருவருக்கும் 16,000 வீதம், தங்கைக்கு 8,000. திருப்பூரில் இருக்கும் தம்பி, "ஒட்டுனா போதாதாண்ணே?" என்றார். அவரை அழைத்து வந்து தறிக்குழியைக் காட்டினேன், பிறகு பேசவில்லை. வாடகை இல்லாமல் நான் அனுபவிக்கும் வீடு என்பதால் தங்கையின் பங்கை நானே போட்டேன். ஒன்றைக் கவனியுங்கள்: கூட்டாளியைக் கேட்காமல் செலவு செய்துவிட்டுப் பிறகு கணக்கு நீட்டக் கூடாது. நம் ஹனஃபி ஃபிக்ஹில் அப்படிச் செய்தவர் தானாக உபகாரம் செய்தவராகவே கருதப்படுவார். எத்தனையோ அண்ணன் தம்பிச் சண்டை இந்த ஒரு சட்டம் தெரியாததால் வந்தது.

வாடகைக்கு விட்டிருப்பவர்களும் கேளுங்கள். வாடகை வீட்டின் குழாயைச் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. செய்ய மறுத்தால், ஒப்பந்த காலம் முடியாவிட்டாலும் காலி செய்துகொள்ளக் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு. அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று மிரட்டாதீர்கள்.

எங்கள் லைனை முழுதாக மாற்றினோம். இரண்டு கட்டமாகச் செய்தோம், சுவர்ப் பக்கத்து லைன் முதலில். அந்த அம்மாவின் பக்கத்துச் சுவரைப் பூசிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். நெய்யாமல் போன நாட்களின் கூலியையும் கொண்டுபோனேன். "அதெல்லாம் வேண்டாங்க பாய்" என்று திருப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை போனேன், அதே பதில். மரியாதைக்காக மறுத்தார்களா, மனதார மன்னித்தார்களா என்று எனக்குத் தெரியவில்லை. மழைத் தண்ணீர் என்று சொன்ன அதே குரல்தான். அந்தப் பணத்தை இன்னும் தனியாக வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு முன் என் மனைவியை அனுப்பலாம் என்றிருக்கிறேன்.

கடைசியாக நம் பள்ளிவாசல் விஷயம். ஹவுளுக்கு வரும் குழாய் கசிகிறது. ஒரு நல்ல மனிதர், முழு லைனையும் புதிதாக மாற்றித் தருகிறேன் என்றார், அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்வானாக. வக்ஃபின் வருமானத்தில் முதல் செலவே அதன் பராமரிப்புத்தான். ஆனால் பிளம்பர் ஓர் இடத்தில் அறுத்துப் பார்த்தார், உள்ளே சுத்தமாக இருக்கிறது. கெட்டது ஒரு வால்வும் இரண்டு ஜாயின்ட்டும்தான். நல்ல குழாயைப் பிடுங்கிப் போடும் உரிமை நமக்கில்லை. அதனால் இங்கே மாற்றப்போவதில்லை, ஒட்டத்தான் போகிறோம். மீதிப் பணத்தை என்ன செய்வது என்று அவரிடமே கேட்டுச் சொல்கிறோம்.

வேலை வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு தொடங்கும். லுஹருக்கும் அஸருக்கும் ஹவுளில் தண்ணீர் இருக்காது. வீட்டிலேயே ஒளுச் செய்துவிட்டு வாருங்கள். முடியாத பெரியவர்களுக்காக வாசலில் இரண்டு டிரம்மில் தண்ணீர் வைத்திருப்போம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.