யார் கணக்கை யார் கேட்பது?

உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. போன வருஷம் பஸ் ஸ்டாப் எதிரே இருக்கிற கம்பத்தில் கேமரா மாட்டினார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்தவர் என் சித்தப்பா. நானும் கொடுத்தேன். அதற்கு முன்னால் ஊரில் இரண்டு தடவை செயின் பறிப்பு நடந்திருந்தது. பிறகு நடக்கவில்லை. அந்த நன்மையை மறைத்துவிட்டுப் பேசினால் அது நேர்மையான பேச்சாக இருக்காது.

இந்த வருஷம் ஏரி தூர்வாரிய செலவுக் கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று நானும் இரண்டு நண்பர்களும் முடிவு செய்தோம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதினோம். மூன்றாம் நாள் சித்தப்பா பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா, அந்தப் பசங்களோட ஒக்காந்து ஒரு மணி நேரம் என்னமோ எழுதிக்கினு இருந்தியாமே? கேமராவுல பாத்துட்டு ஒருத்தர் சொன்னாரு."

நண்பர்களில் ஒருவனுக்கும் இதே செய்தி போயிருக்கிறது. அவன் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "நீ போடு மச்சான், என் பேரு மட்டும் வேணாம்" என்றான். யாரும் அவனை மிரட்டவில்லை. பார்த்தோம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன். அவர் கேட்டது நாம் எல்லோரும் கேட்டிருக்கிற கேள்வி: "தப்பு பண்ணாதவனுக்கு இன்னாடா பயம்?"

அந்தக் கேள்வியில் ஒரு ஓட்டை இருக்கிறது. எது தப்பு என்பதைப் பார்க்கப்படுகிறவன் முடிவு செய்வதில்லை. குற்றப் பரம்பரைச் சட்டத்தை நம் ஊர்களில் ரேகைச் சட்டம் என்றுதான் சொன்னார்கள். ஒரு சாதியில் பிறந்ததே குற்றம் என்று பதிவு செய்து, கைரேகை வாங்கி, ராத்திரியில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன சட்டம். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. செத்தவர்கள் என்ன தப்பு பண்ணினார்கள்? எங்கள் விஷயம் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் ஏரிக் கணக்கு கேட்பது எப்போது வம்பு ஆனது என்பதை என்னிடமும் யாரும் கேட்கவில்லை.

சித்தப்பாவின் கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது எங்கள் பக்கத்திலேயே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஏரி வாரியத்தில் உட்கார விரும்புகிறவனின் வயது, நிலம், வீடு, நடத்தை எல்லாவற்றையும் அந்தச் சுவர் விசாரிக்கிறது. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவன் சொந்தக்காரர்கள் பெயரும் விழக்கூடாது.

அந்தச் சுவரைக் கும்பிடச் சொல்லவில்லை. அது பிரம்மதேய ஊர். நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான குடம். என் பாட்டன் பெயர் அதில் விழுந்திருக்காது. இருந்தும், பொதுக்காசைத் தொடுகிறவன்தான் முதலில் தன்னைத் திறந்து காட்ட வேண்டும் என்ற அதன் நியாயம் இன்னும் செல்லும்.

இப்போது அது தலைகீழாகிக்கொண்டிருக்கிறது. 1994இல் நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தனிமனித அந்தரங்கத்தையும், அதிகாரிகளின் அலுவல் நடத்தையைப் பற்றி எழுதும் சுதந்திரத்தையும் ஒரே தீர்ப்பில் காப்பாற்றியது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அரசு அதில் கை வைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அளவு மீறக்கூடாது. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அரசு அமைப்புகளுக்கு விலக்கு தர வழி வைத்தது. கூடவே தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவையும் திருத்தியது. தனிப்பட்ட தகவலையும் பொதுநலன் இருந்தால் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வரி போய்விட்டது. பொதுநலன் பேச வேறு பிரிவு மிச்சமிருக்கிறது. ஆனால் ஒரு கதவு சாத்தியாயிற்று. அந்தரங்கத்தின் பெயரால் அதிகாரிக்குத் திரை, பாதுகாப்பின் பெயரால் குடிமகனுக்குக் கேமரா.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் இப்படிச் சொல்லவில்லை. மூன்று கேள்விதான் கேட்டேன். கேமராவில் பதிவாவதை யார் பார்க்கலாம்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அதைக் கம்பத்திலேயே எழுதி ஒட்டினால் என்ன?

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "காசு வசூல் பண்ணது நான்தான். யார் பாக்குறாங்கன்னு எனக்கே தெரியாதுடா."

மனு போட்டுவிட்டோம், இரண்டு பெயரோடு. கம்பத்தில் இன்னும் எதுவும் ஒட்டவில்லை. போன வாரம் டீக்கடையில் சித்தப்பா பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். கேமராவுக்குத் தெரியாத கோடி.